தோல் அடித்த அறை

பாடியவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகும் டேப்பில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனந்தமேரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதா கோயில் பாடல் குழுப் பெண்கள் ஆறு பேர் நெருக்கியடித்து நின்று பாடிய அறையில் மூச்சுச் சத்தம் கேட்காமல் வேறென்ன கேட்கும் என்றுதான் நினைத்தாள். அவள் கணவன் கஸ்பார் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி தலையை ஆட்டினான்.

"பாட வந்தவளுக மூச்சு இல்ல மேரி. அவளுக போனப்பறம் கதவைச் சாத்திட்டு மிசினைச் செத்த நேரம் ஓடவிட்டேன். உள்ள ஒரு ஈ, எறும்பு கெடையாது."

"அப்ப மிசின்லதான் ஏதோ கோளாறு."

"புது மிசினைக் குத்தம் சொல்லாத" என்றான். அந்தக் குரலில் இருந்த வெடுக்கு அவளுக்குப் புதிதாக இருந்தது.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் மைக்செட் கட்டுவது கஸ்பார்தான். வீட்டுக் கூடத்திலேயே பாட்டுகளை டேப்பில் பிடித்துக் கொடுப்பதும் உண்டு. பழைய டேப் மிசின் ஓடினால் பாட்டோடு சேர்ந்து மாவு மில்லும் ஓடுவது மாதிரி இருக்கும். மதராஸிலிருந்து வந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு, பின்னால மழை பெய்யுதே. சுத்தமாப் பிடிச்சுக் குடுங்க, தட்டுப் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் போதாதா? மதுரைக்குப் போய் ஜெர்மன் மிசின் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். அதன் முகப்பில் ஒரு பச்சை விளக்கு இருந்தது. சத்தம் கேட்டால் பூனைக் கண் போலச் சுருங்கும், சத்தம் அடங்கினால் விரியும். அதோடு வந்த மைக்கோ பொல்லாத மைக். தெருக்கோடியில் போகிற சைக்கிள் மணியைக்கூட விடாமல் வாங்கியது.

ஆகவே பின்கட்டில் விறகு போடும் அறையை ஒலிப்பதிவு அறையாக்கினான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். தோல் மண்டியில் கழிக்கும் மாட்டு மயிரைச் சாக்கில் திணித்துச் சுவரெல்லாம், கதவின் உள்பக்கமும் அறைந்து, அதன்மேல் முழு முழுத் தோலாக ஆணி அடித்து இறுக்கினான். தோலை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. மிசின் அந்த அறைக்கதவை ஒட்டிக் கூடத்து மேசையில் இருந்தது. மைக்கின் வயர் மட்டும் சுவரில் போட்ட துளை வழியாக உள்ளே போனது. வேலை முடிந்த அன்று அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தகர டின்னை அடி அடியென்று அடித்தான். வெளியே நின்ற ஆனந்தமேரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டியதும் டின் சத்தம் மண்டைக்குள் இடித்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன், நாலு வயது மகள் லூர்துவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். ஆனந்தமேரிக்கு அந்தக் கஸ்பாரை அவ்வளவு பிடிக்கும்.

மூச்சுச் சத்தம் வந்த மறுநாளே அவன் கோழிக்கூடைப் பக்கம் போனான். கூடை அந்த அறைச் சுவரை ஒட்டிக் கவிழ்ந்திருந்தது. சேவலை வெளியே எடுத்து, அது இறக்கை அடிக்க அடிக்க, கழுத்தைத் திருகினான். பிறகு பெட்டைகள். ஒவ்வொன்றாக, ஈரத் துணி பிழிவதைப் போல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். லூர்து அழுதாள். குழம்பு வைத்த ஆனந்தமேரிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போய் மறுபடி மிசினை ஓடவிட்டான். மூச்சு இருந்தது. இப்போது கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

அடுத்து நாய். பட்டப்பகலில், வெயிலுக்கு அஞ்சிச் சுவர் நிழலில் படுத்திருந்த வளர்ப்பு நாய். வாலை ஆட்டிக்கொண்டு எழுந்த அதன் நெற்றியில் கடப்பாரையை இறக்கினான். ஒரே அடியில் அது சாகவில்லை. மண்ணில் இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தது. பின்னாலேயே வந்து, அசைவு நிற்கும்வரை அடித்தான். வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தெறித்திருந்த ரத்தத்தை ஆனந்தமேரிதான் கழுவினாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அல்லவா இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் குனிந்து சுவரைத் தேய்த்தாள்.

அந்த அறைக்குள் போகவே அவளுக்குக் கூசியது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் சேர்ந்த வாடை, சித்திரை வெயிலில் காய்ந்து அடங்குவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் ஈரமாகிக்கொண்டே வந்தது. ஒருமுறை கூட்டும்போது தோள் சுவரில் உரசியது. தோல் சூடாக இருந்தது. வெயில் சூடு அல்ல. காய்ச்சல்காரன் வயிற்றில் கை வைத்த மாதிரியான சூடு.

ஒரு நாள் அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பாயில் தூங்கும் லூர்துவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் நெஞ்சருகே காதைக் கொண்டுபோனான். லூர்துவுக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. தூக்கத்திலும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"இந்த இழுப்புத்தான் மேரி. இதேதான் டேப்புல வருது."

"புள்ள கூடத்துல படுத்திருக்கா. அம்புட்டுத் தோலையும் தாண்டி எப்படிங்க உள்ள கேக்கும்?"

பதிலுக்கு விழுந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் கை நீட்டியதில்லை. அடித்துவிட்டு, அவள் தேம்பும் சத்தத்தையும் தலை சாய்த்து உற்றுக் கேட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோழி போயிற்று, நாய் போயிற்று. இனி இந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் மூன்றே பேர்.

விடிந்ததும் அகரத்திலிருந்து அண்ணன் சூசைமுத்துவை வரவழைத்துப் பிள்ளையை அவனோடு அனுப்பிவிட்டாள். "ஊர்க் காத்து நெஞ்சுக்கு நல்லது" என்று மட்டும் சொன்னாள். வீட்டு மானத்தைப் பிறந்த வீட்டில் அவிழ்த்துப் போட மனம் வரவில்லை. அந்த வெட்கம்தான் கடைசியில் வினையாக முடிந்தது.

பிள்ளை போன பிறகும் மூச்சு நிற்கவில்லை. கஸ்பார் சாப்பாட்டை விட்டான், சவரத்தை விட்டான். தோல் சீவும் வளைந்த கத்தி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மிசின் முன்னாலேயே கிடந்தான்.

அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் தோல் மண்டி மேஸ்திரி பக்ருதீன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரரு எங்க குழியத் தோண்டித் தோலை எடுத்துட்டு வந்துட்டாராமே?"

"எந்தக் குழிண்ணே?"

"உசுரு அடங்குறதுக்கு முன்னாடி உரிச்ச தோலு சிலது வந்து சேரும். எத்தனை நாள் சுண்ணாம்புல போட்டாலும் பதத்துக்கு வராது, மயிரு உதிராது, வெதவெதன்னே கெடக்கும். செருப்புக்குக்கூடக் குடுக்க மாட்டோம். ஆழமாக் குழி வெட்டிப் பொதைச்சிருவோம். அதைப் போயா வீட்டுல அடிக்கிறது? கழட்டச் சொல்லுங்க தாயி."

ஆனந்தமேரி அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குளித்து வந்தவனிடம் அழுதுகொண்டே சொன்னாள். கஸ்பார் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"செத்த தோலு மூச்சு விடுமாடி? புள்ளைய ஒளிச்சு வச்சுக்கிட்டு மாட்டுத் தோல் மேல பழி போடுறியா?"

பிள்ளை ஊரில் பத்திரமாக இருக்கிறாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் அன்று தெருக்குழாய்க்குப் போனாள். திண்டுக்கல்லில் தண்ணீர் வருகிற நேரத்தை விட்டால் அப்புறம் தவம்தான். வரிசை நகர்ந்து, குடம் நிறைந்து, அதை இடுப்பில் ஏற்றும்போது எதிரே சூசைமுத்து வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"புள்ளைக்கு இழுப்பு சாஸ்தியாயிருச்சு தாயி. அம்மா அம்மான்னு ஒரே அழுக. மச்சான் கையில ஒப்படைச்சுட்டு வாரேன். பஸ்ஸைப் பிடிக்கணும்..."

குடம் விழுந்தது. அவள் ஓடினாள்.

கூடத்தில் யாரும் இல்லை. லூர்துவின் சின்னச் செருப்பு மட்டும் கிடந்தது. அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் குத்தினாள், கத்தினாள். மெத்தையில் குத்துவது போலச் சத்தம் அங்கேயே அமுங்கிப் போயிற்று. உள்ளிருந்தும் ஒன்றுமில்லை. தெருவில் எட்டிப் பார்த்து அலறினாள். உச்சி வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

மேசை மேல் டேப் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கண் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

பிள்ளையின் இழுப்பு. காதுக்குள்ளேயே இருப்பது போல.

"அடக்கு" என்றான் கஸ்பார். கொஞ்சுகிற குரல். "மூச்சை அடக்கு கண்ணு. அப்பா சொல்றேன்ல."

"வலிக்குதுப்பா..."

"செத்த நேரம்தான்."

அப்புறம் துணி உரசும் சத்தம். சின்னக் கால்கள் தரையில் உதைக்கும் சத்தம். உதைத்தன. உதைத்தன. நின்றன.

ஆனந்தமேரி கதவோரம் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிக் கதவில் இடித்தாள். தோல் அதை வாங்கித் திருப்பித் தந்தது. வயர் இழுபட, ஹெட்போன் காதிலேயே இருந்தது. உள்ளே இப்போது இழுப்பு இல்லை.

ஆனால் மூச்சு இருந்தது.

நீளமாக. பெரிதாக. ஒன்றல்ல, பல.

"அப்ப நீ இல்லியா?" என்றான் கஸ்பார். குரல் உடைந்திருந்தது. "ஏ ஆத்தா... நீ இல்லியா?"

ஓர் அலறல். கத்தியைச் சுவரில் பாய்ச்சிக் கீழ்நோக்கி இழுக்கும் சத்தம். கிழிகிறது. ஏதோ சளசளவென்று தரையில் கொட்டுகிறது. மூச்சு நின்றது. எல்லாம் நின்றது. பச்சைக் கண் முழுதாக விரிந்து, அப்படியே நின்றது.

பிறகு கஸ்பார் கத்தினான்.

அது மனிதன் கத்தும் கத்தல் அல்ல. அதனூடே வேறொரு சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடையில் அவள் கேட்டிருக்கிறாள். தொங்கும் ஆட்டிலிருந்து தோலைக் கீழே இழுக்கும்போது வருவது. ஈரமாக. நிதானமாக. கத்தல் நிற்கும் முன்பே அது தொடங்கியிருந்தது. கத்தல் நின்ற பிறகும் முடியவில்லை.

அப்புறம் சுத்தியல்.

டக். டக். டக்.

ஓர் ஆணி. சற்று இடைவெளி. இன்னோர் ஆணி.

கதவுக்குள்ளே தாழ்ப்பாள் தானாக விலகியது. லூர்துவுக்கு எட்டாத உயரத்தில் இருந்த தாழ்ப்பாள்.

ஆனந்தமேரி உள்ளே போனாள். பிள்ளை பாயில் மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் விரல் பதிந்த சிவப்பு. பக்கத்தில் விழுந்து நெஞ்சில் காதை வைத்தாள். உயிர் இருந்தது. மூச்சு வந்தது. இளைப்பு இல்லை, பூனைக்குட்டி இல்லை, தெளிந்த தண்ணீர் மாதிரி மூச்சு. "சேசுவே, என் சாமி" என்று வாய்விட்டு அழுது, பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த ஒரு நொடி அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

எழும்போது கால் வழுக்கியது. தரையெல்லாம் ரத்தம். அதில் கத்தி கிடந்தது. வேட்டி கிடந்தது. கஸ்பார் இல்லை.

எதிர்ச்சுவரில், மேலிருந்து கீழ்வரை அவன் கிழித்த இடத்தை மூடி, ஒரு புதுத் தோல் இழுத்து அடிக்கப்பட்டிருந்தது. மற்றவை போல மயிர் அடர்ந்ததல்ல. மாநிறம். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வரிசை பிசகாமல் ஆணிகள். மேல்மூலையில், கை இருந்திருக்க வேண்டிய பக்கத்தில், அம்மை குத்திய இரண்டு வட்டத் தழும்புகள். கல்யாணமான புதிதில் அவள் விரலால் தொட்டுத் தொட்டுச் சிரித்த தழும்புகள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தோளில் பிள்ளை மூச்சை இழுத்தாள். சுவரில் அந்தத் தோல் மெல்லப் புடைத்தது. பிள்ளை மூச்சை விட்டாள். தோல் அமுங்கியது. அதைச் சுற்றியிருந்த தோல்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, நாலு சுவரும் பிள்ளையோடு ஒன்றாக எழுந்து தாழ ஆரம்பித்தன.