சத்தம் இல்லாத இருபத்தெட்டு நிமிடங்கள்

நாளை காலை ஒன்பது மணிக்கு அத்தையின் குரல் போய்விடும்.

சளி பிடித்துப் போகிற குரல் அல்ல, நாலு நாளில் திரும்பி வர. தொண்டைக்குள் ஒரு கெட்ட கட்டி. அதோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்தால்தான் அத்தை பிழைப்பார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இன்று அரை மணி நேரம் பேசலாம், அதற்கு மேல் தொண்டை தாங்காது என்றும் சொல்லியிருந்தார்.

அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அப்படிப்பட்ட குரலை அவருடைய மகனே மறந்துவிடுவான். அவனுக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது. கன்னமும் வயிறும் போட்டி போட்டு வளர்ந்ததால் எல்லோரும் அவனை உருண்டை என்றே கூப்பிட்டார்கள்.

அவனுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அத்தையின் அண்ணியான அம்மா, கூட்டங்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் படம் பிடிக்கும் வீடியோ கலைஞர். அத்தை பேசப் பேச முழுவதையும் பிடித்து வைத்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். மதியமே கேமராவைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே அவருடைய பத்து வயது மகளும் வந்தாள்.

அவளுக்கு வீட்டில் சந்தேகம் என்று பெயர். குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பாள். "சந்தேகம் இன்னும் குளிச்சு முடிக்கலையா?" என்று அப்பா கேட்டால், புதிதாக வந்த விருந்தாளிகள் முழிப்பார்கள்.

கேமராவில் ஒரு கோளாறு. கார்டு போடும் இடத்தில் ஊசி வளைந்து போயிருந்தது. கேமரா படம் காட்டும், பதியாது. அதனால் அம்மா தோழி ஒருத்தியிடமிருந்து ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். புத்தக அளவில் ஒரு பெட்டி, முகப்பு முழுக்கத் திரை. அதைக் கேமராவின் தலையில் திருகி, கேபிளைச் செருகி, பின்னால் வட்டைப் போட்டு, பேட்டரியை மாட்டினார். திரையில் எதிரே இருந்த நாற்காலி பளிச்சென்று தெரிந்தது.

அம்மா சிவப்புப் பொத்தானைத் தொட்டார். பத்து விநாடி ஓடியது. நிறுத்தி, பதிந்ததை ஓட்டிப் பார்த்தார். காலி நாற்காலி. துல்லியமான காலி நாற்காலி.

நான் உட்கார்ந்து பேசுகிறேன், அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமா என்று சந்தேகம் கேட்டாள்.

வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, அத்தை காத்திருக்கிறார், நேரமில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு நோட்டு. பள்ளியில் சேரும் நாளுக்கு ஒரு பக்கம், காய்ச்சல் வரும் நாளுக்கு ஒரு பக்கம், பதினெட்டு வயதுக்கு ஒரு பக்கம் என்று மகனுக்காக ஒரு மாதமாக எழுதியது. நிமிர்ந்து உட்கார்ந்து, அறிவிப்பு படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்தார். குரல் கரகரத்தது. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். அம்மா ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். திரையில் பச்சைப் பட்டைகள் குரலுக்கு ஏற்பத் துள்ளின.

இருபத்தெட்டாவது நிமிடம் நோட்டு முடிந்தது. கடைசிப் பக்கத்தில் குரல் பாதி காற்றாகிவிட்டது. அத்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் கழுவ உள்ளே போனார்.

சந்தேகம் சும்மா இருப்பாளா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிந்ததை ஓட்டிவிட்டாள்.

அத்தை நாற்காலியில் இருந்தார். உதடுகள் அசைந்தன. பக்கம் திரும்பியது.

சத்தம் இல்லை.

நடுவில் தள்ளிப் பார்த்தாள். கடைசிக்குப் போனாள். சத்தமே இல்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கேட்டார். அவர் முகத்தில் இருந்த நிறம் வடிந்து போனது.

பட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிப் பொத்தான்கள். ஒன்று, சத்தத்தைக் காதுக்கு அனுப்ப. மற்றது, வட்டில் பதிய. முதலாவது எரிந்துகொண்டிருந்தது, இரண்டாவது அணைந்து கிடந்தது. தோழி எடுப்பதெல்லாம் துணிக்கடை விளம்பரப் படம். துணிக்குச் சத்தம் எதற்கு என்று அணைத்து வைத்திருக்கிறாள். காலி நாற்காலியும் பேசவில்லை, அதனால் அம்மாவும் கண்டுபிடிக்கவில்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அத்தைகிட்ட இப்போ சொல்லாதே. நாளைக்கு அவ கத்திக்குப் போறா. நிம்மதியாப் போகட்டும்."

"எப்போ சொல்லுவே?"

"எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வரட்டும்."

"அப்போ சொன்னா அத்தையால என்னம்மா பண்ண முடியும்?"

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

அறை வாசலில் அத்தை நின்றிருந்தார், கையில் துண்டோடு. சந்தேகம் நேராகப் பார்த்தே சொன்னாள்.

"அத்தை, படம் வந்திருக்கு. சத்தம் வரலை. ஒரு வார்த்தைகூட."

அத்தை அழவில்லை. திட்டவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மெல்ல நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வார்த்தையில் குரல் உடைந்து, இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா ஓடி வந்து முதுகைத் தடவினார்.

இருமல் அடங்கியதும் அத்தை கிசுகிசுத்தார்.

"அஞ்சு நிமிஷம் வரும் அண்ணி. அதுக்கு மேல வராது. எந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்?"

அம்மா நோட்டை வாங்கிப் புரட்டினார். காய்ச்சலா, பள்ளிக்கூடமா, பதினெட்டு வயதா? எதை எடுப்பது, எதை விடுவது? புரட்டிக்கொண்டே இருந்தார்.

சந்தேகம் அந்த நோட்டையே பார்த்தாள். குண்டு குண்டான அழகான கையெழுத்து. நீல மை. எட்டு வயதுப் பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடும்.

"அத்தை, இதையெல்லாம் அவனே படிச்சுக்குவானே. நோட்டு எங்கேயும் ஓடிடாதே."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"தினமும் அவன்கிட்ட என்ன பேசுவீங்களோ, அதைப் பேசுங்க. அதை யாரும் நோட்டுல எழுதலையே."

அத்தை அடுப்படிப் பக்கம் கை காட்டினார். அங்கே மாமா உருண்டைக்கு மசித்த வாழைப்பழம் ஊட்டப் போராடிக்கொண்டிருந்தார். மாமா ஒரு தச்சர். எவ்வளவு பெரிய கதவையும் அசையாமல் நிறுத்துவார். இந்த வாய் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அவர் சட்டை முழுக்கப் பழம்.

அம்மா சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"இரும்மா," என்றாள் சந்தேகம். இந்த முறை அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

அணைந்திருந்த பொத்தானைத் தொட்டாள். சிவப்பாக எரிந்தது. அத்தையை எழுப்பிவிட்டு நாற்காலியில் தான் உட்கார்ந்து, ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். அம்மா அதைப் பதிந்து, ஓட்டிக் கேட்டார்.

"கேட்குதா?"

"கேட்குது. ஒம்பது ஏழு அறுபத்தொண்ணு இல்லை, அறுபத்துமூணு."

அத்தையின் தோள்கள் குலுங்கின. சிரிப்புதான். சத்தம் செலவாகாத சிரிப்பு.

அத்தை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா உருண்டையைத் தூக்கி வந்து அவர் மடியில் உட்காரவைத்தார். கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். ரெக்கார்டர் ஓட ஆரம்பித்தது.

அத்தை நிமிர்ந்து உட்காரவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை.

"என்னடா, அப்பாவைப் பாடாப் படுத்திட்டியா? சட்டையெல்லாம் நாசம். இந்தா, ஒரே ஒரு வாய். எங்கே, ஆ காட்டு. ஆ... அதான் என் ராசா. முழுங்கு. முழுங்கினியா, கன்னத்துல ஒளிச்சு வெச்சிருக்கியா? இன்னொரு தடவை ஆ காட்டு..."

மூக்கைத் துடைத்தபோது திட்டினார். காலைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நான்காவது விரலில் குரல் மங்கியது. ஐந்தாவதை உதடு மட்டும் எண்ணியது.

அம்மா நிறுத்தினார். ஆறு நிமிடம், இருபது விநாடி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

சந்தேகம்தான் ஹெட்போனை எடுத்துவிட்டு, அம்மாவின் பையிலிருந்து ஒரு சின்ன ஒலிபெருக்கியை எடுத்து அந்த இடத்தில் செருகினாள். பதிந்ததை ஓட்டினாள்.

"எங்கே, ஆ காட்டு," என்றது பெட்டி.

உருண்டை நிமிர்ந்து அத்தையின் வாயைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. பெட்டியைப் பார்த்தான். மறுபடி வாயைப் பார்த்தான். கணக்கு உதைத்தது போலிருக்கிறது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான்.

"ஆ..." என்றது பெட்டி.

அவன் பெட்டியைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்தான்.

அத்தை கிண்ணத்தில் மிச்சமிருந்த பழத்தை வழித்து எடுத்து, அந்த வாய்க்குள் வைத்தார்.