கேப்டன் கிணற்றில் இருக்கிறார்!

"ஐயோ... பொணம்!"

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த பெண்மணி வீறிட்டாள்.

இதுவும் டூரில் ஒரு அயிட்டம் என்று நினைத்த கூட்டம் கைதட்டியது.

கைடு தட்டவில்லை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்தப் பாழுங்கிணற்றில் பிணம் கிடப்பதாகத் தினமும் சொல்பவன் அவன். அது கலப்படமில்லாத பொய் என்று தெரிந்தவனும் அவன்தான்!

துறைமுகத்தில் அவனுக்குப் பேர் கப்சா. படகில் கரையோரமாகக் கூட்டிப்போய், பழைய கிடங்கு வாசலில் இறக்கி, சரித்திரம் என்ற பெயரில் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவான். 'அந்தக் காலத்துல ஒரு கப்பல் கேப்டனைக் கையைக் கட்டி இந்தக் கிணத்துல தள்ளிட்டாங்க...' என்பது அவனுடைய சூப்பர்ஹிட் சரக்கு.

இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். டார்ச் அடித்தார்.

தண்ணீரில் குப்புறக் கிடந்தது உடல். நீலக் கோட்டு. பின்னால் கட்டிய கைகள்.

"யார்னு தெரியுதா?"

"கோட்டைப் பார்த்தா... எங்க முதலாளியோட பார்ட்னர் மாதிரி இருக்கு மேடம்."

"இங்க பொணம் இருக்குன்னு தினமும் மைக்ல சொல்றீங்களாமே?"

"அது ரீல் மேடம்! என் பொண்டாட்டியே நான் சொல்றதை நம்ப மாட்டா!"

"கோர்ட் நம்பும். ஜீப்ல ஏறுங்க!"

கப்சா மைக்கைக் கழற்றிக் கீழே வைத்தான். பொய் சோறு போடும் என்று தெரியும்... தூக்கிலும் போடும் என்று யார் கண்டது?

இன்ஸ்பெக்டர் போன் போட்டதும் படகுக் கம்பெனி முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பாவி! என் பார்ட்னரைக் கொன்னுட்டியேடா! மேடம், விடாதீங்க இவனை! அப்படியே இவன் கதைதான்... கையைக் கட்டி, வாய்ல சிப்பியைத் திணிச்சு..."

கப்சா நிமிர்ந்தான்.

"சிப்பியா?"

"நடிக்காதே! தினம் அதைத்தானே சொல்றே!"

"தினம் இல்ல முதலாளி. நேத்துதான் முதல் தடவை. மழைன்னு ஒரு ஈ காக்கா வரலை. 'டூர் எப்படி நடத்துறே, பார்க்கணும்'னு நீங்க மட்டும் படகுல ஏறினீங்க. முதலாளியாச்சேன்னு ஸ்பெஷலா ஒரு சிப்பியைச் சேர்த்தேன்!"

"ஆமா மேடம், எங்ககிட்ட சிப்பி பத்தி மூச்சு விடலை!" வீறிட்ட பெண்மணி செல்போன் வீடியோவை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"பொணத்தை இன்னும் வெளிய எடுக்கவே இல்ல. குப்புறக் கிடக்குது. வாய்ல இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"



முதலாளி ஓட்டம் பிடித்தார்! படகுக் கயிறு தடுக்கி விழுந்தார். கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள்.

உடல் மேலே வந்தது. பார்ட்னரேதான். வாய்க்குள்... சிப்பி!

"எங்க ரெண்டு பேருக்கும் சொந்தமான இந்தக் கிடங்கை வித்தே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னான் மேடம்..." முதலாளி தேம்பினார். "கதைல வர்ற மாதிரியே செஞ்சா, பழி கைடு மேல விழும்னு..."

ஜீப்பில் அவரை ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் கப்சாவை முறைத்தார்.

"மயிரிழைல தப்பிச்சீங்க. இனிமே உண்மையான சரித்திரத்தை மட்டும்தான் சொல்லணும். புரியுதா?"

கப்சா வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிட்டாப் போச்சு மேடம்... இப்பத்தானே சொல்றதுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு!"