நாற்காலியில் இருந்தவள்

பார்வையற்றவர்களும் ஓவியங்களைத் தொட்டு அறிவதற்காக அந்த அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் அமைத்திருந்தார்கள். ஓவியத்தைப் புடைப்பாக வார்த்த பலகையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதென்று காதுக்கருவியில் ஒரு குரல் சொல்லும். திறப்பதற்கு முன் தொட்டுப் பார்த்துக் குறை சொல்ல, பார்வையற்ற அவளை அழைத்திருந்தார்கள். முதல் பலகை, அவள் கணவன் வரைந்த ஓவியம்.

"என் படத்தை இன்னைக்குத்தான் நீ பார்க்கப்போற," என்றான் அவன், அவள் முழங்கையைப் பிடித்தபடி. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கூடத்தில் புது வண்ணப்பூச்சின் வாடை. விரலை வைத்தாள்.

"ஜன்னல்," என்றது குரல். "திரைச்சீலை. காலி நாற்காலி."

விரல் நின்றது.

நாற்காலி காலியாக இல்லை.

துணியின் மடிப்புகள். தோள். பின்னிய கூந்தல். பிறகு ஒரு காது. அதன் மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது.

சின்ன வயதில் அந்த மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஓர் இரவு இழுத்த இழுப்பில் தோடோடு கிழிந்துபோனது. அக்காவின் காது.

அக்கா யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று வந்து சொன்னவன் அவன்தான். அன்றிலிருந்து அக்காவின் பேச்சை எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாற்காலியில யாரு?"

"யாருமில்லையே," என்றான்.

"காலிதான் மேடம்," என்றாள் பலகையை வடிவமைத்த பெண்.

பலகை இளஞ்சூடாக இருந்தது.

அறிவிப்புக் குரல் அறுந்தது. காதுக்குள் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

"குட்டிம்மா… கீழே."

அவளை அப்படி அழைக்க ஒருத்திதான் இருந்தாள்.

விரல்கள் கழுத்துக்கு இறங்கின. அதைச் சுற்றி இரண்டு கைகள். ஒரு கட்டைவிரலின் நகம் நடுவில் பிளந்து மேடு தட்டியிருந்தது.

அதே நகம் இப்போது அவள் முழங்கையில் அழுந்தியிருந்தது.

தினமும் அந்தக் கையைப் பிடித்துத்தான் சாலையைக் கடந்தாள். அந்தக் கையை நம்பித்தான், தாயாக வளர்த்தவளை வாய்கூசாமல் சபித்தாள்.

"ஏன் இப்படி வேர்க்குது? வா, வீட்டுக்குப் போலாம்."

"கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்."

அவன் காலடி விலகியதும் வடிவமைத்த பெண்ணின் கையைப் பற்றினாள்.

"என்னை அவரோட அனுப்பாதீங்க. போலீஸைக் கூப்பிடுங்க."

அக்கா போன அதே வாரம் அவன் தன் ஓவிய அறைக்குப் புதுத் தரை போட்டதைப் போலீஸ்காரர்களிடம் சொன்னாள். அந்தத் தரையைப் பெயர்க்கும்போது வாசலில் நின்றாள். உள்ளே சட்டென்று பேச்சு நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போலீஸ் வண்டியில் ஏற்றும் முன் அவன் அவள் அருகில் வந்து கேட்டான்: "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

குரலில் அந்தப் பழைய அன்பு துளியும் மாறவில்லை.

பிறகு பலகையைச் சோதித்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஆள் அரவமே இல்லாத ஒரு கடல் ஓவியத்தை மாட்டினார்கள்.

திறப்பு நாளில் பார்வையற்ற முதியவர் ஒருவர் அலைகளைத் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று நின்றார்.

"இந்தக் காது கிழிஞ்ச அம்மா யாருங்க?" என்று மெல்லக் கேட்டார். "என் விரலை விட மாட்டேங்கிறாங்க."