நனைக்காத தாள்

ஸ்ரீவராகத்தில், தங்கையின் புகுந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது காலை மணி பதினொன்று. விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஸ்ரீலட்சுமி பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். கழக்கூட்டத்தில் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய பத்துச் சோதனைத் தாள்களும் ஒரு புற ஊதா டார்ச்சும் அதில் இருந்தன.

தங்கை கௌசல்யாவுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றைப் பிசையும் வலி, ஈறில் நீலக்கோடு. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, இப்படியே போனால் குழந்தை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்கூட அனுப்புங்கோ மாமி" என்று தங்கையின் மாமியாரிடம் ஸ்ரீலட்சுமி போனிலேயே கேட்டிருந்தாள்.

பகவதி மாமி இப்போதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என் ஆத்துல விஷம்னு முதல்ல காட்டு. அப்புறம் தங்கையைக் கூட்டிண்டு போ. காயிதத்தை வெச்சுண்டு கிணத்துக்கு ஜோசியம் பாக்கறியோ?"

கௌசல்யா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். மணிக்கட்டு துவண்டு தொங்கியது. "சண்டை போடாதே அக்கா. அம்மா வெக்கற ரசத்துலதான் என் உசிரே ஓடறது." மாமியாரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

தாளை நீரில் நனைத்து இருட்டில் டார்ச் அடிக்க வேண்டும். நல்ல நீரென்றால் நீலமாக ஒளிரும். ஈயம் இருந்தால் சிவப்பு.

ஸ்ரீலட்சுமி சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலிலும் அங்கே கண் தெரியவில்லை. பழைய அரிசியின் வாடை.

கிணற்று நீர். நீலம்.

குழாய் நீர். நீலம்.

குடத்து நீர், வெந்நீர், கோவில் தீர்த்தம். எல்லாம் நீலம்.

அவளுக்கு அழுகை முட்டியது. எங்கே இருக்கிறாய், எங்கேதான் ஒளிந்திருக்கிறாய் என்று பல்லைக் கடித்தாள். மாமி இனி விடவே மாட்டாள். மிச்சம் ஐந்து தாள். ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

காலிப் பாத்திரம் அடுப்பில் காய்ந்தாற்போல் ஒரு நெடி வந்தது.

அணைக்காத டார்ச் வெளிச்சத்தில், கையிலிருந்த தாளின் ஓரம் சிவந்தது.

அதை அவள் நனைக்கவே இல்லை.

சிவப்பு மெல்லப் பரவி ஒரு விரல் நுனியின் அளவில் நின்றது. சிவந்த அந்த ஓரத்தை யாரோ பிடித்திருந்தார்கள்.

"கௌசி?"

"உருகிடுத்து அக்கா." காதருகே ஈரமான மூச்சு. "தண்ணி விடாம அடுப்புல வெச்சுட்டேன். ரசம் வெக்கற ஈயச்சொம்பு கட்டியா உருகிடுத்து. சாலை பஜார்ல குடுத்து, அதே மாதிரி வேற வார்த்துண்டு வந்துட்டேன். விலை கம்மின்னு எதைக் கலந்தானோ… அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

கதவு எப்படித் திறந்தது என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையில் மாமி சொம்பைச் சாய்த்துத் தம்ளரில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்ரீலட்சுமி தம்ளரைப் பிடுங்கினாள். தெளிவில் ஒரு தாளை நனைத்து, முந்தானைக்குள் மறைத்து டார்ச் அடித்தாள்.

ரத்தச் சிவப்பு.

"பைத்தியமா நோக்கு? இது காரீயம் இல்லே, நல்ல வெள்ளீயமாக்கும். என் மாமியார் குடுத்தது" என்றாள் மாமி.

"அது உருகிப் போயிடுத்து மாமி. தண்ணி விடாம அடுப்புல வெச்சுட்டாளாம். பயந்துண்டு சொல்லாம வேற வார்த்துட்டாளாம்."

"யாரு?"

கௌசல்யா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதை ஸ்ரீலட்சுமி அப்போதுதான் பார்த்தாள். சாமான் அறையைக் கை காட்டினாள்.

மாமி அந்த இருட்டைப் பார்த்தாள். சொம்பு கை நழுவி விழுந்தது.

"பத்மஜா" என்றாள் மாமி. மகனின் முதல் மனைவி. "அவ போய் மூணு வருஷம் ஆச்சேடீ. இதே மாதிரி வயித்தை வலிக்கறதுன்னு சுருண்டு சுருண்டு… நானும் ரசத்தைத்தானே குடுத்தேன், மகாபாவி!"

மாமிக்குப் புளி ஆகாது. மகன் வெங்கடேஸ்வரனுக்கு வேலை பெங்களூரில். அந்த வீட்டில் ரசம் குடித்தவர்கள் மருமகள்கள் மட்டும்தான்.

ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா விளக்கை அணைத்தாள். கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. நகர்த்தினாள். ஒன்றுமில்லை. தெரிந்த தெய்வங்களையெல்லாம் ஸ்ரீலட்சுமி கூப்பிட்டு முடித்தாள்.

பிறகு, தடதடவென்று சின்னஞ்சிறு குதிரை ஓடுவதுபோல் ஓர் ஓசை.

"ஹார்ட்பீட் உண்டு, கேட்டோ. கரையண்டா மோளே." அழாதே மகளே என்று டாக்டரம்மா தன் மலையாளத்தில் தேற்றினாள்.

கௌசல்யா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

ஸ்ரீலட்சுமியின் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. சில்லென்ற கை. அது அவள் கையை இருட்டுக்குள் மெல்ல இழுத்துக்கொண்டு போய், மேடிட்ட ஒரு வயிற்றின்மேல் வைத்தது.

உள்ளே எதுவும் அசையவில்லை.

"இதையும் பாக்கச் சொல்லுங்கோ அக்கா."