முந்திச் சொல்லும் விளையாட்டு

எனக்கு இங்கிலீஷ் வந்தது மேடைப் பேச்சிலிருந்துதான்.

எங்கள் வீடு கோவில்பட்டியில் ஒரு பொட்டலுக்குப் பின்னால் இருந்தது. தேர்தல் வந்தால் அங்கேதான் கூட்டம் போடுவார்கள். டெல்லியிலிருந்து வரும் தலைவர் இங்கிலீஷில் ஒரு வரி பேசிவிட்டு நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். பிறகு தலைவர் அடுத்த வரிக்குப் போவார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் எனக்கும் அம்மாவுக்கும் விளையாட்டு. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் முந்திக்கொண்டு தமிழில் சொல்லிவிட வேண்டும்.

அம்மா பெயர் சொர்ணத்தாய். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். அவளுக்கும் என் அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். ஆனால் தெரியாது என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டாள்.

தலைவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ முழங்குவார்.

"கரண்ட் பில்லைக் குறைக்கப் போறாவளாம்!" என்பாள் அம்மா.

"வறுமையை ஒழித்தே தீருவோம்!" என்பார் மொழிபெயர்ப்பாளர்.

"நான் சொன்னதுதான் நல்லா இருக்கு. அவருக்கு இங்கிலீஷ் பத்தாது."

புரியாத வரி எது வந்தாலும் அம்மாவுக்கு அது கரண்ட் பில்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். முன்னால் இருப்பவர் திரும்பி, "ஏ தாயி, கூட்டத்தைக் கேக்க விடுதியளா?" என்று முறைப்பார்.

இப்படித்தான் ப்ராமிஸ், டிமாண்ட், டெவலப்மெண்ட் எல்லாம் எனக்கு வந்தன. வகுப்பில் கோமதி டீச்சர், "சிஸ்டர் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லு, அமுதவள்ளி" என்றார். நான் எழுந்து கையை உயர்த்தி, "மை டியர் பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ் ஆஃப் கோவில்பட்டி!" என்றேன்.

"ஏட்டி, சோடா வேணுமா?" என்று பின்பெஞ்சிலிருந்து கேட்டாள் பொன்மணி.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால், அம்மா வேலை செய்த அறையில் பட்டாசு மருந்து வெடித்தது. அம்மாவும் அவளோடு இருந்தவர்களும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கருப்பு மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க முடியவில்லை. அதே தலைவர் வந்திருந்தார். அதே மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார்.

"யூ ஆர் நாட் அலோன்," என்றார் தலைவர். "வீ ஆர் வித் யூ."

பழக்கத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

சொல்லிவிட்டு, அம்மா என்ன சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது தலைவரின் கார் கரிசலில் புதைந்துவிட்டது. டயர் சுற்றச் சுற்ற இன்னும் கீழே இறங்கியது. அப்பாவும், வீட்டில் ஆளைப் பறிகொடுத்த மற்றவர்களும் சேர்ந்துதான் தள்ளினார்கள். அப்பாவின் வேட்டி முழுக்கச் சேறு தெறித்தது. கார் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

"நம்ம கூட இருக்கோம்னு சொன்னாவளே அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா வேட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

அதன் பிறகு நான் இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டேன். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அந்தக் கார் போவதுதான் தெரிந்தது. கோமதி டீச்சரும் என்னை எழுப்பிக் கேட்கவில்லை.

அப்பா கடலைமிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுகிறவர். வேலைக்குப் போவார், வருவார். எங்கள் இரண்டு தட்டிலும் சோறு விழும். பேச்சு விழாது. பொட்டல் பக்கத்து ஜன்னலை அப்பா திறப்பதே இல்லை.

தை மாதம் மினதி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். ஒடிசாவிலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. அவளுக்குத் தமிழ் தெரியாது. பழைய பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். யாரோடும் பேசாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தினமும் சைக்கிளில் வந்து கூட்டிப்போகிற அவள் அப்பாவைக் காணவில்லை.

"ஏட்டி அமுதா, நீதான் இங்கிலீஷ்காரியாச்சே. என்னன்னு கேளேன்," என்றாள் பொன்மணி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய் சொல்லாத. அன்னைக்கு மட்டும் பொளந்து கட்டுன?"

அதற்குள் பொன்மணியின் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். கூட்டம் மெல்லக் கரைந்தது. நானும் மினதியும்தான் மிச்சம்.

அவளிடம் என்ன கேட்பது? ஏன் அழுகிறாய், சாப்பிட்டாயா என்றெல்லாம் எந்த மேடையிலும் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். அதையே கேட்டேன்.

"டியர் சிஸ்டர், வாட் இஸ் யுவர் டிமாண்ட்?"

மினதி அழுகையை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பாபா," என்றாள். "பாபா மில். நோ கம்."

"வீ வில் டேக் இமீடியட் ஆக்ஷன்," என்று சொல்லி, பையில் இருந்த கடலைமிட்டாயைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே மறுபடியும் அழுதாள். எனக்கும் அழுகை முட்டியது.

"யூ ஆர் நாட் அலோன்," என்றேன். "வீ ஆர் வித் யூ."

சொல்லி வாய் மூடவில்லை, என் பஸ் வந்து நின்றது. அதை விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும்.

"ஏறு தாயி, நேரமாச்சு," என்றார் கண்டக்டர்.

நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினேன். மினதி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கரிசல் காட்டில் நாங்களும் காரை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காலைக் கீழே எடுத்தேன்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் பொறவு வாரேன்."

பஸ் போய்விட்டது. மினதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் இறங்கியது. பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. ஒவ்வொரு வேன் ஜன்னலிலும் நான் அம்மாவைத் தேடினேன். மினதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் தெரியாமல் இருக்க, தெரிந்த சொற்களை எல்லாம் சொன்னேன். "டெவலப்மெண்ட்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அது புரிந்ததில்லை.

லைட் எரியத் தொடங்கிய நேரத்தில் அப்பாவின் மொபெட் வந்தது.

"ஏட்டி! பஸ்ல உன்னக் காணலன்னதும் எனக்கு உசிரே போயிட்டு! உனக்கும் ஒண்ணுன்னா நான் என்னட்டி பண்ணுவேன்?" அப்பாவின் குரல் உடைந்தது.

"இவ அப்பா இன்னும் வரலப்பா. நான் கூட இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கடைசியில் மினதியின் அப்பா வந்தார், டயரில் காற்றே இல்லாத சைக்கிளை ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு. தலை முழுக்கப் பஞ்சு. மினதி ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டு, தன் மொழியில் மடமடவென்று ஏதோ பேசிவிட்டு நிறுத்தினார்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டார் அப்பா.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மினதியும் முகத்தை எடுக்கவில்லை. அதே சின்ன இடைவெளி. முந்திச் சொல்ல அம்மா இல்லை.

"கரண்ட் பில்லைக் குறைக்கப் போறாவளாம்," என்றேன்.

அப்பாவின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று பயந்தேன். துண்டால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பொத்தியதையும் மீறிச் சிரிப்பு வெளியே வந்தது. மினதியின் அப்பா ஒன்றும் புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

"உங்கம்மா இங்கிலீஷ் அப்படியே உனக்கு வந்துட்டுட்டி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அப்பா.

அன்றைக்கு எங்கள் தட்டுகளில் சோற்றோடு கொஞ்சம் பேச்சும் விழுந்தது.