பத்தாவது நட்

சுவிஸின் ஆராவ் பக்கம் நவம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால், நடு மத்தியானத்திலும் வாகனங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓடவேண்டும். அப்படியொரு புதன்கிழமை மத்தியானம் குணசேகரம் பழைய வாகனங்கள் குவிந்து கிடக்கும் ஒரு காணியின் கேற்றடியில் தன் வானை நிறுத்தினார். இறங்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டது.

பிடிக்காமல் என்ன செய்யும்? மனிதன் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். ஊரெல்லாம் குளிர்கால டயர் மாற்றுகிற காலம். அந்தக் கிழமைக்கு மட்டும் நாற்பது கார்கள் பதிந்திருந்தன. அரைவாசி கலியாணத்துக்கு வரப்போகிற நம் சனத்தினுடையவை. "அண்ணை, என்ரையும் ஒருக்கா மாத்தி விடுங்கோ" என்றால் அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

கலியாணம் மகள் சுமித்ராவுக்கு. சனிக்கிழமை, திரிம்பாக் கோயிலில். நாலு வருடமாக அவர் வேலை முடிந்த பிறகு உருட்டி உருட்டித் திருத்தி வந்த ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டுப் பச்சை லொறியில்தான் கோயிலுக்கு வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"நீங்கள்தான் லொறியை ஓடவேணும். நான் பக்கத்தில இருப்பன். வேற காரில ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்."

லொறியில் எல்லாம் சரி, இடது பின் சில்லின் பத்து போல்ட்டும் நட்டும் தவிர. துரு தின்றுவிட்டது. அந்தக் காலத்து லொறிகளுக்கு இடப்பக்கச் சில்லுகளின் புரி தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அந்தச் சாமானை இப்போது ஒருவரும் செய்வதில்லை. கடை கடையாகப் போன் அடித்து வாய் வலித்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஒரு மகராசன் அனுப்பிய பத்தும் வலப்புரி. கடைசல் பட்டறைக்காரர் மூன்று கிழமை என்றார்.

காணிக்காரி எல்ஸ்பெத் எழுபது தாண்டிய சுவிஸ் பெண். அவர் காட்டிய நட்டின் படத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். கடைசி வரிசையில், பைன் மரங்களுக்குக் கீழே, அதே வகை லொறி ஒன்று பாசி பிடித்து நின்றது. இடது பின் சில்லு மட்டும் துருவில்லாமல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

"என் கணவரின் தம்பி ஓட்டிய லொறி" என்றாள் அவள் ஜெர்மனில். "பதினாறு மணிநேர வேலைக்குப் பிறகு சில்லு மாற்றினான். ஒரு நட்டை இறுக்க மறந்தான். மலையிறக்கத்தில் சில்லு கழன்றது. பக்கத்தில் அவன் மகள் இருந்தாள்."

குணசேகரம் குனிந்து அந்தச் சில்லைப் பார்த்தார். அவள் தொடர்ந்தாள்.

"அவன் தப்பிவிட்டான். சாகும்வரை தினமும் வாயில் சுருட்டோடு இங்கே வந்து சுத்தியலால் ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பான். எல்லாம் இறுக்கினேனா, எல்லாம் இறுக்கினேனா என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பான். வேறு எந்தச் சில்லிலும் எடுங்கள். இதில் வேண்டாம்."

வலப்பக்கத்துச் சில்லுகள் உதவா. முன்சில்லுக்கு வேறு அளவு. குணசேகரம் கெஞ்சினார். கிழவி தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அவர் அந்தச் சில்லிலிருந்தே பத்தையும் கழற்றினார். ஒவ்வொன்றும் வெண்ணெய்போல வந்தது. கழற்றி முடித்தபோது மூக்கில் சுருட்டு மணம் அடித்தது.

அங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

வியாழன் பின்னேரம் கராஜில் வைத்துப் பத்தையும் பூட்டினார். பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறுக்கிய பிறகு சின்னச் சுத்தியலால் நட்டைத் தட்டிக் கேட்பார்கள். இறுகியது கணீரென்னும், இளகியது டொக்கென்னும். அவர் தட்டினார். பத்தும் கணீர்.

அப்பாடா என்று கை கழுவப் போனார்.

குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அது கேட்டது.

டங். டங். டங்.

குழாயைப் பூட்டினார். நிதானமாக, அவசரமில்லாமல், ஒருவன் சுற்றிவந்து தட்டுவது தெளிவாகக் கேட்டது. ஒன்பது டங்.

பிறகு, டொக்.

ஓடிவந்தார். லொறியடியில் ஒருவரும் இல்லை. சுருட்டு மணம் மட்டும். ஸ்பனரைப் போட்டுப் பத்தாவது நட்டை ஒரு பிடி பிடித்தார். பாறைபோல இறுகியிருந்தது. நித்திரை இல்லாத காதுக்கு எதுவும் கேட்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொரு கார். கடைசியாக மகன் அபிசனின் கார். முடித்தபோது நித்திரையில் கண் சொருகியது. ஸ்பனரை வைத்த கணமே லொறிப் பக்கமிருந்து மறுபடியும் சத்தம்.

ஒன்பது டங். ஒரு டொக்.

"அபிசன், உனக்குக் கேட்டதோ?"

"என்னது அப்பா?"

மகனுக்குக் கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. குணசேகரம் லொறியின் சில்லைக் கழற்றிப் பத்தாவது போல்ட்டைத் தொட்டார். அது கையோடு இரண்டாக முறிந்து வந்தது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எப்போதோ முக்கால்வாசி வெடித்திருந்தது.

அன்றிரவு சுமித்ரா அழுது தீர்த்தாள். "நாலு வருசம் அப்பா! கடைசி நாளிலயோ சொல்லுவியள்?"

"உயிரோட விளையாடேலாது பிள்ளை. தம்பியின்ர காரில போ."

சனிக்கிழமை விடிந்தும் பனி விலகவில்லை. கூறைச் சேலைப் பெட்டியோடு சுமித்ரா காரின் பின்னால் ஏறினாள். அபிசன் சாவியைப் போட்டான். நெடுஞ்சாலையால் போனால் இருபது நிமிடம். மனைவி ஞானேஸ்வரி எலுமிச்சம்பழங்களை நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, சில்லுக்குக் கீழ வையுங்கோ. நேரம் போகுது."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குணசேகரம் மூன்று சில்லுக்கு வைத்தார். நாலாவதாக இடது பின் சில்லடியில் குந்தினார்.

சுருட்டு மணம்.

காதுக்கு ஒரு சாண் தள்ளி, டங்.

டங். டங். டங்.

டொக்.

"நிப்பாட்டு!" என்று கத்தினார். "அபிசன், நிப்பாட்டடா!"

ஞானேஸ்வரி தலையில் கைவைத்தாள். "என்னப்பா, நல்ல நாளும் அதுவுமா!"

அவர் சில்லின் மூடியைப் பிய்த்தெறிந்து ஐந்தாவது நட்டில் விரலை வைத்தார். ஸ்பனர் தேவைப்படவில்லை. நட் விரலோடு சுழன்றது.

அவரே பூட்டிய சில்லு. நேற்று, அவர் கையால். எவ்வளவு யோசித்தும் அந்த நட்டை இறுக்கினது நினைவில்லை.

இறுக்கிவிட்டு எழும்ப முடியாமல் அங்கேயே இருந்தார். சுமித்ரா இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தாள். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "அப்பா, கலியாணம் முடிய ஒரு கிழமை படுங்கோ. ஓமோ?"

"ஓம் பிள்ளை" என்றார். அவருக்கு உண்மையிலேயே படுக்கவேண்டும் போல்தான் இருந்தது.

முகூர்த்தம் பிசகவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. சனமெல்லாம் அறுகரிசி தூவியது. குணசேகரத்துக்குக் கண் நிறைந்தது. பிள்ளைகள் இரண்டும் முழுசாகக் கண்முன்னால் நின்றன. அதற்குமேல் என்ன வேண்டும் ஒரு தகப்பனுக்கு?

மேளம் ஓய்ந்த இடைவெளியில் கற்பூர வாசத்தைக் கிழித்துக்கொண்டு சுருட்டு மணம் வந்தது.

வெளியே, பனிக்குள், அவரிடம் டயர் மாற்றிய சனத்தின் கார்கள் வரிசையாக நின்றன.

டங். டங். டங். டங். டங்.

முதல் கார் சரி. இரண்டாவதும் சரி. தட்டுகிறவன் அவசரப்படவில்லை.

மூன்றாவது காரில், நாலு டங்.

"என்னப்பா, அறுகரிசியைக் கையில வச்சுக்கொண்டு ஆரைப் பாக்கிறியள்?" என்று ஞானேஸ்வரி கிசுகிசுத்தாள்.

"நான் எல்லாம் இறுக்கினனோ?" என்று அவளைக் கேட்டார் குணசேகரம்.

வெளியே டொக்கென்றது. பிறகு அடுத்த காரில் தட்டத் தொடங்கியது.