வண்டி வராத தெரு

தமயந்தியின் தெருவுக்குக் குப்பை வண்டி வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எல்லாத் தெருவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே மாதிரி வீடுகள், தெருக்கோடியில் ஒரு சிமென்ட் குப்பைத்தொட்டி. ஆனால் இப்போது கண்ணைக் கட்டி விட்டாலும் தமயந்தியின் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒரு நாற்றம். தொட்டி நிரம்பி வழிந்து, குப்பை சாலைக்கே வந்துவிட்டது.

எதிர்வீட்டுத் தெய்வசிகாமணி மாமாவுக்குக் கோபம் தாங்கவில்லை. வண்டியோடு வந்து குப்பை அள்ளும் வீரம்மாள் சோம்பேறி, அவளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு புகார் எழுதினார். மூக்கைப் பிடித்துக்கொண்டே வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினார். ஜலதோஷம் பிடித்தவர் படிப்பதுபோல இருந்தது. ஆனாலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தமயந்தியின் அம்மாவும்தான். மறுநாள் அதை ஆபீசில் கொடுப்பதாக ஏற்பாடு.

அன்று மாலை பள்ளிவிட்டு வரும்போது, பக்கத்துத் தெருவில் வீரம்மாள் குப்பை வாரிக்கொண்டிருப்பதைத் தமயந்தி பார்த்தாள். வீரம்மாள் நொண்டி நொண்டி நடந்தாள். தமயந்தி கிட்டே போய், “எங்க தெருவுக்கு ஏன் அக்கா வர்றதில்ல?” என்று கேட்டாள்.

வீரம்மாள் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பாதம் முழுக்க வெந்து, தோல் உரிந்திருந்தது.

தமயந்தியின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

“உங்க தெருத் தொட்டில வாரிக்கினு இருந்தேன் பாப்பா. மேல பாத்தா வெறும் சாம்பல். கால வச்சா உள்ள பூரா நெருப்பு. எல்லா வூட்டுலயும் கரி அடுப்பு. யார் வூட்டு நெருப்புன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?”

போன மாதம்தான் அவர்கள் தெருவில் விறகை விட்டுக் கரி அடுப்புக்கு மாறியிருந்தார்கள். தினமும் சாம்பலைத் தகர முறத்தில் வாரித் தொட்டியில் கொட்டுவது அவள்தான். அது தன் வீட்டு நெருப்பாகவும் இருக்கலாமே!

நேரே தெய்வசிகாமணி மாமா வீட்டுக்கு ஓடி, பார்த்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் காலையில் அள்ளிவைத்த சாம்பல் ஒரு தகரத்தில் இருந்தது. அது எப்போதோ ஆறிப்போயிருக்கும் என்றார்.

தமயந்தி வாதாடவில்லை. காய்ந்த ஓலைத் துண்டு ஒன்றை அந்தச் சாம்பலுக்குள் செருகிக் கிளறினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லப் புகைந்தது. திடீரென்று குப்பென்று பற்றிக்கொண்டது.

மாமா இரண்டடி பின்வாங்கினார். முகம் வெளுத்துவிட்டது. “இதையா நாம தினம் கொட்டினோம்?” என்றார். சட்டைப்பையிலிருந்து புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே வாளியும் குடமுமாகத் தொட்டியைச் சுற்றி நின்றது. முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் ‘சுர்ர்’ என்று ஆவி எழும்பியது. மேலே வாழைச்சருகும் கீரைத்தண்டும்; உள்ளே இவ்வளவு சூடு! தண்ணீர் ஊற்றி ஆறவைத்த சாம்பலைத்தான் இனி எடுத்து வருவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். அதைத் தனியாகக் கொட்ட மாமா ஒரு பழைய தகர டிரம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தமயந்தி தொட்டியைக் குச்சியால் அடிவரை கிளறிப் பார்த்தாள். புகையே இல்லை. அதன் பிறகுதான் போய் வீரம்மாளை அழைத்துவந்தாள்.

வீரம்மாள் வந்தாள். ஆனால் தொட்டியருகே வந்ததும் நின்றுவிட்டாள். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புண்பட்ட கால் முன்னே வரவே மறுத்தது. மாமா என்னென்னவோ சமாதானம் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

தமயந்தி பாவாடையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். சாம்பலுக்குள் தன் கையை முழங்கை வரை விட்டாள்.

பக்கத்தில் நின்ற அம்மா அலறினாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த வீரம்மாள், அந்தக் கையை வெளியே இழுத்தாள்.

“சில்லுன்னு இருக்கு அக்கா” என்றாள் தமயந்தி.

வீரம்மாள் அந்தச் சாம்பல் பூசிய கையை முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தாள்.

“தள்ளி நில்லு பாப்பா, பாவாடை அழுக்காயிடும்” என்றாள்.